மைனஸ் நாற்பத்தெட்டு போதாது

யாகுட்ஸ்க்கில் ஜனவரி.
ஊர் விட்ட மூச்சு மூடுபனியாய் நின்று
பேருந்தின் எண்ணை மறைக்கிறது.
நைட்ரஜன் கொண்டுவரும் லாரிக்காரர் பியோதர்
ஒவ்வொரு முறையும் அதே கேலி:
"குளிரைக் காசு கொடுத்து வாங்க
உங்களைவிட்டால் ஆள் உண்டா?"
கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.
இந்தக் குளிர் அரைகுறை என்று
அவரிடம் சொல்வதில்லை.
தண்ணீரை ஊசியாக்கத் தெரியும் இதற்கு.
காலத்தை நிறுத்தத் தெரியாது.
அதற்குப் பூஜ்யத்திலிருந்து
நூற்றுத் தொண்ணூற்றாறு படி இறங்க வேண்டும்.

எர்ச்சிம் குப்பியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்.
அந்த அறைக்கும் இந்த அறைக்கும் இருபது அடி.
"கட்டடத்துக்குள் இதமாகத்தானே இருக்கிறது" என்றேன்.
"பழக்கம்" என்றான்.
வயது இருபத்தேழு. விதையில் கட்டி.
வியாழக்கிழமை முதல் மருந்து ஏற்றுகிறார்கள்.
படிவத்தில், தொழில் என்ற இடத்தில்
'பனி வெட்டுபவன்' என்று எழுதியிருந்தான்.

எண்ணிப் பார்த்தேன். குறைவு.
இன்னொரு கட்டத்தையும் எண்ணினேன்.
அங்கும் குறைவு.

விந்தணுக்களை
முதலில் அவற்றைச் சுமந்து வந்த நீரிலிருந்தே பிரிக்க வேண்டும்.
வழிக்கு உதவிய நீர்
தங்குமிடத்தில் நஞ்சு.
மையவிலக்கில் இருபது நிமிடம்.
தலை சிதைந்ததும் வால் சுருண்டதும் மேலே தேங்க,
நீந்தத் தெரிந்தவை அடியில்
ஒரு வெண்புள்ளி,
கடுகில் பாதி.

பிறகு முட்டை.
மஞ்சள் கருவை வடிதாளில் மெல்ல உருட்டி
வெள்ளையின் கடைசிப் பிசுக்கையும் துடைத்து
தோலைக் குத்தி வடிப்பேன்.
கோழி தன் குஞ்சுக்குக் கட்டிவைத்த சோறு
இங்கே யார் குஞ்சுக்கோ போர்வை.
(வெள்ளைக்கரு குளிர்ப்பெட்டிக்கு.
வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆம்லெட்.)

அதில் கிளிசரின் கலந்து
ஒரு சொட்டு.
குழாயை ஆட்டல்.
முப்பது நொடி.
இன்னொரு சொட்டு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டான்:
"ஏன் இவ்வளவு மெதுவாக?"
உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும் என்றேன்.
விரட்டினால் சுருங்கிச் சாகும்,
விட்டுவைத்தால்
உள்ளேயே உறைந்து கிழிக்கும்.
சிரித்தான், அன்றைக்கு முதல்முறையாக.
"லேனா நதியில் உறைந்து நிற்கும் படகின் அடியைச் செப்பனிட
நாங்கள் ஒரு சாண் பனி வெட்டுவோம். நிறுத்துவோம்.
இரவெல்லாம் குளிர் இன்னும் கீழே இறங்கும்.
மறுநாள் இன்னொரு சாண்.
ஆசைப்பட்டு ஒரு குத்து ஆழமாய்க் குத்தினால்
நதி மேலே வந்துவிடும்,
ஒரு மாத வேலை போச்சு."

ஐந்து மெல்லிய குழல்கள். பெயர், எண், நீல மூடி.
முதலில் நைட்ரஜன் ஆவியில் படுக்கவைத்து,
பிறகே திரவத்துக்குள்.
ஒன்றை உருக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி.
"அப்போது நான்குதானே?"
"நான்கு."
தொப்பியைக் கையில் சுழற்றினான்.
"பனியின் கனம் அறிய நாங்களும் துளை போடுவோம்.
அது தானே மூடிக்கொள்ளும்.
இது?"
மூடாது என்றேன்.
"சரி, பாருங்கள்" என்று எழுந்து போனான்.

லென்ஸுக்குக் கீழே முதலில் ஒன்றுமில்லை.
ஆளில்லாத தெரு.
பிறகு ஓரத்தில் ஒரு வால் அசைந்தது,
அதற்கு எதிரே இன்னொன்று.
விரல் தானாக எண்ணுமானியை அழுத்தத் தொடங்கியது.
நூற்றில் நாற்பத்தொன்று.
எதிர்பார்த்ததைவிட அதிகம்.

இந்த நாற்பத்தொன்றும் எங்கும் போகப்போவதில்லை.
மற்ற நான்கு குழல்களுக்காகச் சாட்சி சொல்ல எழுந்தவை.
சாயங்காலத்துக்குள் தகட்டிலேயே ஓய்ந்துவிடும்.
அது தெரியாமல்
ஏதோ ஒரு திசை இருப்பதுபோல் நீந்தின.
நான் உடனே விளக்கை அணைக்கவில்லை.

நடைகூடத்தில் அவன் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே,
அணைக்காமல் ஓடவிட்ட காரின் முன்பக்கம்
கம்பளம் போர்த்திக்கொண்டிருந்தான்.
கண்ணாடியைத் தட்டினேன்.
நான்கு விரல் காட்டினேன், பிறகு ஒரு விரல்.
நாற்பத்தொன்று என்று புரிந்ததோ,
நான்கு மீதி, ஒன்று போச்சு என்று புரிந்ததோ,
கையுறையைக் கழற்றி
அந்தக் குளிரில்
வெறுங்கையை உயர்த்தினான்.